எலும்பின் மேல் ஒரு எஃகுத் தகடு

உப்பு ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் வைக்கக் கூடாது, பீங்கான் ஜாடியில்தான் வைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் பழைய விதி. மாதக்கணக்கில் விட்டுவைத்தால் டப்பாவின் அடியில் குண்டூசி முனை அளவுக்குக் கரும்புள்ளிகள் விழும். அந்த எவர்சில்வருக்கு நெருங்கிய உறவான எஃகைத்தான், நாமக்கல் சாலையில் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தவருக்கு எலும்பின் மேல் தகடாக வைத்துத் திருகுகிறார்கள். நம் உடம்புக்குள் ஓடுவதும் உப்புநீர்தான். 37 டிகிரி சூட்டில், ராப்பகலாக.

“உள்ளயே துருப்பிடிச்சிடாதுங்களா டாக்டர்?” என்று வார்டில் கேட்பார்கள். “அதெல்லாம் பிடிக்காதுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை தர வேண்டும்.

எஃகில் குரோமியம் சேர்த்தால், காற்று பட்டதுமே அதன் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று படிந்துவிடுகிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். தலைமுடிப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையில் உருட்டும் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைக் காப்பதும் இந்தப் படலம்தான். உப்பிலுள்ள குளோரைடு இதன் பலவீனமான இடம் பார்த்துத் துளைக்கிறது. எஃகுக்குள் மாசாகத் தங்கிய மாங்கனீசு சல்பைடு துணுக்குகள்தான் பெரும்பாலும் அந்த இடம்.

அதனால்தான் பாத்திர எஃகு எலும்புக்கு ஆகாது. பாத்திரத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருந்தால் போதும். எலும்புத் தகட்டுக்கான 316எல் வகையில் நிக்கல் 13 முதல் 15 சதவீதம், கரிமம் 0.03 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கூடவே 2.25 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். குளோரைடை எதிர்த்து நிற்பதில் இந்த மாலிப்டினத்தின் பங்கு பெரிது. மாசு குறைய, வெற்றிடத்தில் இன்னொரு முறை உருக்கியும் எடுக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு.

இவ்வளவு செய்தும் ஒரு இடம் தப்புவதில்லை: திருகின் தலை தகட்டுக் குழியில் உட்காரும் இடம். வெளியே எடுத்த பழைய தகட்டைத் திருப்பிப் பார்த்தால், நடுப்பகுதி பளிச்சென்றிருக்க, துளைகளின் உள்விளிம்பில் மட்டும் பிறை வடிவில் மங்கிய கறை தெரியும். அந்த இடுக்குக்குள் ஆக்சிஜன் போவதில்லை. ஆகவே படலம் தன்னை மூடிக்கொள்ள முடிவதில்லை. கரைந்த உலோக அயனிகள் அங்கேயே அமிலத்தை உண்டாக்குகின்றன, குளோரைடு மேலும் உள்ளே இழுக்கப்படுகிறது. போதாததற்கு, ஒவ்வொரு அடிக்கும் திருகு மயிரிழை அசைந்து படலத்தை உரசி எடுக்கிறது. சாதாரணமாக நடப்பவரின் ஒவ்வொரு காலும் வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் முறை தரையில் ஊன்றுகிறது!

1990களில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் காமாட்சி முதலியும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராஜேஸ்வரி, சிவகுமார் ஆகியோரும் உடம்புக்குள் பழுதான எஃகுத் தகடு, திருகு போன்றவற்றை ஆராய்ந்தார்கள். அரிப்பில் விழுந்த சிறு குழியே விரிசலுக்கு வாசலாகிறது, பிறகு நடையின் சுமை அந்த விரிசலை வளர்க்கிறது என்று காட்டியது அந்த ஆய்வு. அணு உலைக்காக அரிப்பைப் படித்தவர்களின் அறிவு எலும்பு மருத்துவத்துக்கு வந்து உதவியது எனக்குப் பெருமையான செய்தி.

இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து வைப்பது இதைவிட ஆபத்து. 1906-இல் லாம்போட் என்ற பெல்ஜிய மருத்துவர் முறிந்த காலுக்கு மெக்னீசியம் தகடு வைத்து எஃகு ஆணி அடித்தார். உப்புநீரில் இரண்டும் சேர்ந்து மின்கலமாகிவிட்டன. எட்டே நாளில் தகடு சிதைந்தது, தோலுக்கடியில் ஹைட்ரஜன் வாயு திரண்டது. ஆனால் மெக்னீசியம் அதோடு ஒழியவில்லை. எலும்பு கூடியபின் தானே கரைந்துபோகும் மெக்னீசியக் கலவைத் திருகுக்கு 2013-இல் ஐரோப்பா அனுமதி தந்தது. அந்த உலோகத்தின் தாது, மேக்னசைட் என்ற வெள்ளைக்கல், சேலத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது. நாம் அதை உலைச் செங்கல்லாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

எஃகுக்குப் பதிலாக டைட்டானியத் தகடும் உண்டு. அதன் படலம் எஃகினுடையதைவிட உறுதியானது. விறைப்பும் எஃகில் பாதிதான் என்பதால் எலும்போடு ஒத்துப்போகும். ஆனால் உராய்வு தாங்காது, கருந்தூள் உதிர்க்கும். அதனால் செயற்கை இடுப்பு மூட்டின் உருளும் பந்தைக் கோபால்ட்-குரோமியத்திலோ செராமிக்கிலோ செய்கிறார்கள்.

பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகமாக இருந்த டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு, கோபால்ட், குரோமியத் துகள்களை ரத்தத்திலும் தசையிலும் சேர்த்தது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஐந்தே ஆண்டில் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்து தன் மூட்டுப் பதிவேட்டிலிருந்து கண்டுகொண்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தும், அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை அரிப்பைவிடப் பெரிய குறை இதுதான்.

தகட்டின் மேல் தயாரிப்பாளரின் குறியும் தொகுதி எண்ணும் பொறித்திருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் பலருக்கும் ‘பிளேட், ஸ்க்ரூ’ என்று மட்டுமே இருக்கிறது. எந்த உலோகம், யார் தயாரிப்பு, என்ன எண் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். சில வருடம் கழித்து வேறு ஊர் மருத்துவர் அந்தத் திருகைக் கழற்ற வேண்டி வந்தால், அதன் தலைக்குப் பொருந்தும் திருப்புளி எது என்று தெரிந்துகொள்ளக்கூட அந்த ஒரு வரி வேண்டும்.