சத்தம் வருது, படம் வரலை

மார்கழித் திருவாதிரை என்றால், முந்தின இரவு முழுக்க திருவாலங்காட்டில் நடராசருக்கு அபிஷேகம், விடியற்காலையில் கோபுர தரிசனம். 'பனியில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, போனில் ஓடும் நேரலையை டிவியில் போட்டுக் காட்ட முடியுமா?' என்று கோயிலை ஒட்டிய தெருவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதுவதற்குள் மணவூரிலிருந்து, சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து, அரக்கோணத்திலிருந்து இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22-இல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. எழுதியவர்களில் பலர் அந்தச் சமயத்தில் பெரிய டிவியாக வாங்கியவர்கள். கேள்வி கோயிலில் தொடங்கினாலும் பாதிக் கடிதங்கள் சினிமாவில்தான் போய் முடிகின்றன. பாட்டிக்கு அபிஷேகம், தனக்குத் தெலுங்குப் படம். ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர், குற்றமில்லை.

எந்தப் பட்டனைத் தட்டுவது, டிவியில் எந்த மெனுவுக்குள் போவது என்பதை நான் எழுதப்போவதில்லை. வீட்டிலிருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைச் செய்துவிடும். பிள்ளையாலும் விளக்க முடியாத ஒன்று கடிதத்துக்குக் கடிதம் வருகிறது: 'சத்தம் வருது, படம் வரலை.' அதைத்தான் பேச வேண்டும்.

மிரரிங்கும் காஸ்ட்டும் ஒன்றா?

இல்லை. ஆனால் ஒன்றுதான் என்று நீங்கள் நினைப்பதற்குக் கம்பெனிகளே பொறுப்பு. சில போன்களில் மிரரிங் செய்யும் இடத்துக்கே 'காஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாம்சங் அதை 'ஸ்மார்ட் வியூ' என்கிறது. ஆப்பிள் இரண்டையும் சேர்த்து ஏர்பிளே என்ற ஒரே பெயருக்குள் போட்டுவிட்டது.

மிரரிங் என்பது போன் தன் திரையைத் தானே படமெடுத்து, சுருக்கி, நொடிக்கு முப்பது நாற்பது தடவை டிவிக்கு எறிந்துகொண்டே இருப்பது. அதனால்தான் அரை மணி நேரத்தில் போன் இட்லிச் சட்டி மாதிரி சுடுகிறது. காஸ்ட் அப்படியல்ல. மளிகைக் கடைக்கு நாம் போய் மூட்டை தூக்கி வராமல் பையனிடம் சீட்டு கொடுத்து அனுப்புகிறோமே, அது மாதிரி. 'இந்த வீடியோ இந்த முகவரியில் இருக்கிறது' என்ற சீட்டை மட்டும் போன் டிவியிடம் கொடுக்கிறது. டிவியே இணையத்துக்குப் போய் எடுத்துக்கொள்கிறது. அதன்பின் நீங்கள் போனில் யாருடனும் பேசலாம், படம் பாட்டுக்கு ஓடும்.

பாட்டிக்கான பதில் இத்துடன் முடிந்தது. நேரலை யூடியூபில் வருவதாக இருந்தால் யூடியூபுக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் பட்டனைத் தட்டுங்கள், மிரரிங் பக்கமே போக வேண்டாம். டிவியிலேயே யூடியூப் இருந்தால் போனே வேண்டாம்.

பெட்டியில் 'ஸ்கிரீன் மிரரிங் வசதி உண்டு' என்று அச்சடித்திருக்கிறதே?

அச்சடித்ததில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. வைஃபை கூட்டமைப்பு 2012 செப்டம்பரில் மிராகாஸ்ட் என்ற முறைக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. எந்தக் கம்பெனி போனும் எந்தக் கம்பெனி டிவியோடும் ரூட்டர்கூட இல்லாமல் நேருக்கு நேர் பேசும் என்பது வாக்குறுதி. மூன்றே ஆண்டில், 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது, கூகுள் தன் சொந்த போன்களிலிருந்து அதை எடுத்துவிட்டது. கூகுளுக்கு விற்பதற்கு குரோம்காஸ்ட் என்ற சொந்தக் காஸ்ட் கருவி இருந்தது. மற்ற கம்பெனிகள் மிராகாஸ்ட்டை வைத்துக்கொண்டன, ஆளுக்கொரு பெயரில், ஆளுக்கொரு குறையோடு. 'வசதி உண்டு' என்ற வரிக்கு 'முயன்று பார்க்கலாம்' என்று பொருள் கொள்வது நல்லது.

சரி, திரை ஏன் கறுப்பாகிறது?

மிரர் என்ற பெயரே இங்கு தவறு. கண்ணாடி தன் முன் நிற்பதை எல்லாம் காட்டும், எதைக் காட்டலாம் என்று யோசிக்காது. போன் யோசிக்கிறது.

திருவாலங்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வசதி உண்டு. காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடிய கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆடிய ஒவ்வோர் அடியையும் அவளும் ஆடினாள். குழை கீழே விழுந்தது, அவர் அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டினார். அந்த ஓர் அடியைத் திருப்பி ஆட அவளால் முடியவில்லை. டிவி இங்கே காளி நிலையில் இருக்கிறது. வாட்ஸ்அப், போட்டோ, பேரன் எழுதிய வீட்டுப்பாடம் என்று எல்லா அடியும் வரும். காசு கட்டிய படத்தைத் தொட்டதும் ஆட்டம் நிற்கும். ஒரு வித்தியாசம்: காளி முடியாமல் நின்றாள். டிவியால் முடியும், விடுவதில்லை.

விடாமல் தடுப்பவை இரண்டு. முதலாவது ஆண்ட்ராய்டில் ஒரே ஒரு வரி. செயலியை எழுதுபவர் 'இந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்டது' என்று ஓர் அடையாளம் வைத்துவிடலாம். நிரல் எழுதுவோர் அதை 'செக்யூர் ஃபிளாக்' என்பார்கள். அது இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, நம்பகமில்லாத இன்னொரு திரைக்கு அந்தப் பக்கம் போகும்போது ஆண்ட்ராய்டே கறுப்பு பூசி அனுப்பும். திரை முழுவதற்கும் இப்படிப் பூசலாம், படம் ஓடும் சட்டத்துக்கு மட்டும் பூசலாம். இரண்டாவது வகையில்தான் வேடிக்கை: சத்தம் வரும், கீழே வசன எழுத்து ஓடும், நடுவில் அமாவாசை.

எது நம்பகமான திரை? இங்கே வருகிறது இரண்டாவது பூட்டு. இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி. போன் முதலில் டிவியிடம் அதன் சான்றிதழைக் கேட்கிறது, சரிபார்க்கிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம், பொறியாளர் மூளைக்கு ஒரு சபாஷ் போடலாம். ஒரு திருடன் நடுவில் புகுந்து, வேறு ஊரில் இருக்கும் டிவியை உங்கள் கூடத்து டிவி மாதிரி நடிக்க வைத்தால்? அதைக் கண்டுபிடிக்க போன் ஒரு தற்செயல் எண்ணை டிவிக்கு அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறது. சில மில்லி நொடிக்குள் சரியான விடை வந்தாக வேண்டும். இணையத்தைச் சுற்றி ரேணிகுண்டா வரை போய்த் திரும்பும் விடைக்கு அந்த நேரம் பெரும்பாலும் போதாது. தாமதத்தைக் கொண்டே தூரத்தை அளக்கிறார்கள். கூப்பிட்ட குரலுக்கு உடனே 'ம்' கொட்டினால் பக்கத்து அறை, தாமதித்தால் வெளியாள்.

இந்த இரண்டும் கூடிவருவதில்தான் உங்கள் குழப்பத்தின் வேர். போன் எச்டிசிபி பேசும், டிவியும் பேசும், செயலியும் ஒப்புக்கொள்ளும் என்றால் மிரரிங்கிலேயே படம் வரலாம். மூன்றில் ஒன்று சுணங்கினால் கறுப்பு. என் வீட்டில் ஒரே டிவி, ஒரே படம், மூன்று போன்களில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஓடியது. ஒன்றில் வசன எழுத்து மட்டும் வந்தது. மூன்றாவது, விலை கூடியது, இணைப்பையே துண்டித்துக்கொண்டது. 'பக்கத்து வீட்டில் வருகிறது, எனக்கு வரவில்லை, டிவி பழுதா?' என்று கேட்டவர்கள் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கம்பெனிகளைக் கேட்டால் திருட்டைத் தடுக்க என்பார்கள். எச்டிசிபி முதல் தலைமுறையின் மூலச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் வெளியானது, அது உண்மையான சாவிதான் என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது. புதுப்படம் வந்த அன்றே டெலிகிராமில் சுற்றுகிறது. அதை எடுத்தவர் போனை டிவியில் மிரர் செய்து, டிவி முன் கேமரா வைத்து எடுத்தவர் அல்லர். திருடன் கொல்லைப்புறமாக வந்து போய்க்கொண்டிருக்கிறான், மாதச் சந்தா கட்டியவர் முன்வாசலில் நின்று கறுப்புத் திரையைப் பார்க்கிறார்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை ஒருதலையாகிவிடும். அதே ஃபிளாக், அதே ஒரு வரி, வங்கிச் செயலிகளிலும் இருக்கிறது. எனிடெஸ்க் என்ற செயலியை நிறுவச் சொல்லி, அதன் வழியே போனுக்குள் புகுந்து யுபிஐ கணக்கிலிருந்து பணத்தை உருவுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. 'கேஒய்சி முடிக்கணும் சார், ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க' என்று போன் செய்கிறவனுக்கு உங்கள் ரகசிய எண் பக்கம் கறுப்பாகத் தெரிந்தால் அது இந்த வரியின் புண்ணியம். வங்கியில் அது உங்களைத் திருடனிடமிருந்து காக்கிறது. படத்தில் படக் கம்பெனியை உங்களிடமிருந்து காக்கிறது. எந்த இடத்தில் எதற்கு என்று முடிவு செய்கிறவர் போனுக்குக் காசு கொடுத்தவர் அல்லர் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

அப்படியானால் காஸ்ட் செய்தால் பிரச்சினை இல்லையே?

பெரும்பாலும் இல்லை. டிவியே படத்தை நேராக எடுப்பதால், தன் சாவியைக் கொண்டு தானே திறந்துகொள்கிறது. ஆனால் சீட்டு வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பதும் கம்பெனி கையில். நெட்ஃபிளிக்ஸ் 2025 நவம்பரில் போனிலிருந்து பெரும்பாலான டிவிகளுக்குக் காஸ்ட் செய்யும் வசதியையே நிறுத்திவிட்டது. டிவி ரிமோட்டை எடுத்து அங்கேயே பாருங்கள் என்கிறது.

இன்னொன்று. குரோம்காஸ்ட் இந்தியாவுக்கு 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தலைமுறைக் கருவிகள், பத்தாண்டு கழித்து 2025 மார்ச் 9 அன்று, உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்துவிட்டன. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. உள்ளே இருந்த சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள், அது முடிந்துவிட்டது, புதுப்பிக்க கூகுள் மறந்துவிட்டது. நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த கருவியைப் பார்த்து போன் 'நம்பகமற்ற கருவி' என்றது. சில நாளில் கூகுள் சரிசெய்தது. பதறிப்போய் அதற்குள் கருவியை அழித்து முதலிலிருந்து தொடங்கியவர்களுக்குத்தான் கூடுதல் அவதி. லைசென்ஸுக்குக் காலாவதி தேதி தெரிந்த ஊரில், டிவிக்குப் பின்னால் தொங்கும் குச்சிக்கும் ஒரு காலாவதி தேதி இருந்தது யாருக்கும் தெரியாது.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

*டிவியின் பெயர் போனில் வரவே இல்லை.* போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் டிவி 2.4-லும் தனித்தனிப் பெயரில் இருந்தால், இரண்டையும் ஒரே பெயருக்கு மாற்றிப் பாருங்கள்.

*திருத்தணி லாட்ஜ் வைஃபையில் காஸ்ட் வேலை செய்யவில்லை.* அறைக்கு அறை தெரியாமலிருக்க ரூட்டரில் தடுப்பு வைத்திருப்பார்கள், வைக்காவிட்டால் பக்கத்து அறைக்காரர் டிவியில் உங்கள் படம் ஓடும்.

*வயர் போட்டால் எல்லாம் சரியாகுமா?* விலை குறைந்த பல போன்களின் டைப்-சி துளை வழியே படம் வெளியே வராது, கடைக்காரர் தலையாட்டினாலும் போனைச் செருகிப் பார்க்காமல் கேபிள் வாங்காதீர்கள்.

*2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த இலவச டிவி இன்னும் ஓடுகிறது, அதில் முடியுமா?* எச்டிஎம்ஐயை மூன்று நிற வயராக மாற்றும் பெட்டியும் ஒரு டாங்கிளும் இருந்தால் முடியும், எழுத்து படிக்க வராது, அபிஷேகம் தெரியும்.

*நான் பார்ப்பதை டிவி கம்பெனி பார்க்குமா?* திரையில் ஓடுவதை அடையாளம் காணும் வசதி பல டிவிகளில் இருக்கிறது, அமெரிக்காவில் விசியோ நிறுவனம் இதற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. அமைப்புகளில் தேடி அணைத்துவிடுங்கள்.

*படம் நடுவில் ஒல்லியாக, இரண்டு பக்கமும் கறுப்பு.* போனைப் படுக்க வையுங்கள்.

*காஸ்ட் செய்தால் நேரலை உடனுக்குடன் வருமா?* வராது, பத்திலிருந்து முப்பது நொடி பிந்தும். கோயிலை ஒட்டிய தெருவாக இருந்தால் அன்று விடியற்காலை மணிச்சத்தம் ஜன்னல் வழியே பாட்டியின் காதில் முதலில் விழும், அதன் பிறகுதான் டிவியில்.