பள்ளி தேடி வந்த சிகிச்சை

பினாங்கு, ஜெலுத்தோங்கில் உள்ள தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பல் சிகிச்சைக் குழுவின் வருகை புதிதன்று. குழுவினர் கருவிகளோடு பள்ளிக்கே வருவர். மாணவர்கள் வரிசையாகச் சென்று பற்களைக் காட்டுவர். சொத்தை இருந்தால் அது அடைக்கப்படும். இதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோர் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டியதும் இல்லை. இன்று இயல்பாகத் தோன்றும் இந்தச் சேவை எவ்வாறு பிறந்தது?

1899ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் போரில் இறங்கியது. படையில் சேர முன்வந்த இளைஞர்களுள் பலர் உடல் தகுதி இன்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். சிறுவயதில் போதிய உணவும் மருத்துவமும் கிடைக்காததே அவர்களது நலிவுக்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் உணரப்பட்டது. எனவே, பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று 1907இல் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் மருத்துவர்கள் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களின் கண், காது, பல், எடை ஆகியவற்றைச் சோதித்தனர்.

ஆனால், நோயைக் கண்டறிந்தால் மட்டும் போதுமா? பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் கூறப்பட்டது. அன்றாடக் கூலியில் வாழ்ந்த குடும்பங்களால் மருத்துவருக்குப் பணம் கொடுக்க இயலவில்லை. அதனால், கண்டறியப்பட்ட நோய் தீராமலே இருந்தது. இந்தக் குறையை உணர்ந்த மார்கரெட், ரேச்சல் மெக்மில்லன் சகோதரிகள் 1910இல் லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்காக மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினர்.

பல் நோயோ இன்னொரு சிக்கலைக் கொண்டிருந்தது. சொத்தைப் பல் உள்ள பிள்ளைகள் ஏராளம். பல் மருத்துவர்களோ மிகச் சிலர். இதற்கு வழி கண்ட நாடு நியூசிலாந்து. பிள்ளைகளின் சொத்தைப் பல்லை அடைக்கவும் ஆடும் பல்லைப் பிடுங்கவும் இளம் பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சி அளிக்கலாம் என்றார் தாமஸ் ஹண்டர் என்ற பல் மருத்துவர். முழுப் படிப்பு இல்லாதவர்கள் சிகிச்சை அளிக்கலாமா என்று எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும், பல் மருத்துவர்களின் மேற்பார்வையில், பிள்ளைகளுக்கு மட்டும் சிகிச்சை அளிப்பது என்ற வரம்போடு 1921இல் வெலிங்டனில் பயிற்சி தொடங்கியது. பயிற்சி பெற்ற பல் தாதியர் பள்ளிகளிலேயே பணியாற்றினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவிலும் இதே நிலை இருந்தது. பல் மருத்துவர்கள் போதவில்லை. ஆகவே, 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. நியூசிலாந்தின் வழியை முதலில் பின்பற்றிய நாடுகளுள் மலாயாவும் ஒன்றாயிற்று. சிங்கப்பூரிலிருந்தும் பெண்கள் இங்கு வந்து பயின்றனர். பயிற்சி முடித்தவர்கள் நகரம், சிற்றூர் என்ற வேறுபாடின்றிப் பள்ளி மாணவர்களுக்குச் சிகிச்சை அளித்தனர்.

நோயைக் கண்டறிவது பாதிப் பணியே. சிகிச்சை ஏழைப் பிள்ளையின் கைக்கு எட்டும்போதுதான் அப்பணி நிறைவடைகிறது. அந்தத் தூரத்தைக் குறைக்கவே மருத்துவம் பள்ளி வாசலுக்கு வந்தது.