தீவகத்து ஏழை மக்களும் புரவலர் அரசியலும்

வறியோர் தம் நலத்துக்கு மாறானவர் பக்கம் வாக்களிப்பது ஏன் என்னும் வினா புதியதன்று. 1848 டிசம்பரில் பிரான்சு நாட்டு உழவர் பெருந்தொகையினராய்த் திரண்டு லூயி நெப்போலியனைத் தலைவனாக்கினர். மூன்றாண்டு கழிந்ததும் அவனே அக்குடியரசைக் கவிழ்த்தான். இதற்கு அறியாமையே காரணம் எனக் கூறி அமைதல் எளிது. ஆயின் அது விடையாகாது. யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறு இவ்வினாவைத் தெளிவுறுத்துவதாகும்.

ஊர்காவற்றுறைத் தொகுதி 1947 இலும் 1952 இலும் வணிகரான அல்பிரட் தம்பிஐயாவைத் தெரிந்தது; 1956 முதல் 1977 வரை தமிழரசுக் கட்சியையும் அதன் வழிவந்த தமிழர் விடுதலைக் கூட்டணியையும் தெரிந்தது. பின்னர்ப் போர் மூண்டது. 1990 இல் இராணுவம் தீவகத்தினுள் நுழைந்தது. 1994 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில், குடாநாட்டின் பெரும்பகுதி வாக்களிக்க இயலாதிருந்த நிலையில், அரசுடன் இணைந்து நின்ற ஈழ மக்கள் சனநாயகக் கட்சியினர் 10,744 வாக்குகளைக் கொண்டே யாழ் மாவட்டத்தின் 10 இடங்களுள் 9 இடங்களைப் பெற்றனர். அவ்வாக்குகளுள் மிகப் பெரும்பாலானவை தீவகத்தனவாம். இடதுசாரி இயக்கத்தினின்றும் தோன்றிய இக்கட்சி, காலப்போக்கில் ஒரு தலைவரையும் அவர் வழங்கும் உதவியையும் மையமாகக் கொண்டதாயிற்று.

இதற்குரிய காரணங்கள் மூன்று.

முதலாவது, எஞ்சியோரின் நிலை. வசதி படைத்தோர் கொழும்புக்கும் பிரான்சு, கனடா முதலிய நாடுகளுக்கும் பெயர்ந்தனர். கடற்றொழிலாளரும் கூலியாளரும் தங்கினர். நெடுந்தீவார்க்கு நோயாளியைக் குறிகாட்டுவானுக்குக் கொண்டு சேர்க்கும் படகே உயிர்; நன்னீரோ அரிது. படகும் அரிசியும் வேலையும் யார் கையினின்று வருகின்றனவோ அவரையே மக்கள் அறிவர். உரிமைபற்றிய சொற்பொழிவு பசிக்குப் பின்னரே செவியில் ஏறும்.

இரண்டாவது, பழைய தலைமையின் பாராமுகம். சட்டத்தரணிகளும் கற்றோரும் தலைமை தாங்கிய தமிழ்க் கட்சிகள் மொழியுரிமைக்குப் போராடின. எனினும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்தகாலை அவை பெரும்பாலும் தயங்கியே நின்றன. இனத்தின் பெயரால் வாக்குக் கேட்போர் தம்மைச் சமமாக நடத்தாமை கண்ட ஒடுக்கப்பட்டோர், எளிதில் அணுகத்தக்க ஒருவரை நாடியதில் வியப்பில்லை.

மூன்றாவது, அச்சம். இதனை மறைத்தல் உண்மைக்கு மாறாகும். 2001 நவம்பரில் நாரந்தனையில் எதிரணிப் பிரசாரத்தினர் தாக்கப்பட்டு இருவர் உயிரிழந்தனர். ஆயுதம் சூழ்ந்த இடத்தில் அளிக்கப்படும் வாக்கு முழு மனத்தின் வெளிப்பாடு எனக் கொள்ளற்பாலதன்று.

ஆயின் நன்றியும் அச்சமும் நிலையானவை அல்ல. போர் ஓய்ந்தபின், 2013 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வட மாகாண சபையின் 38 இடங்களுள் 30 ஐப் பெற்றது. 2019 இல் கட்சித் தலைவர் டக்ளஸ் தேவானந்தா கடற்றொழில் அமைச்சரானார். எனினும் இந்திய இழுவைப் படகுகள் தீவக மீனவரின் வலைகளை அறுப்பது நின்றபாடில்லை. புரவலரின் கொடைக்கும் எல்லை உண்டென்பது அதனாற் புலனாயிற்று. 2024 நவம்பர்த் தேர்தலில், 1994 முதல் வகித்த பாராளுமன்ற இடத்தை அவர் இழந்தார். யாழ் மாவட்டத்தில் முதலிடம் பெற்றதோ தெற்கினின்று வந்த தேசிய மக்கள் சக்தி.

எனவே ஏழையின் வாக்கை இகழ்தல் தகாது. அவன் கணக்கிட்டே வாக்களிக்கின்றான். கணக்கிடக் கிடைக்கும் பொருள்களே குறைவு. குடிநீரும் படகும் எவருடைய தயவுமின்றி உரிமையாய்க் கிடைக்குமாயின், புரவலர் அரசியலுக்கு அடித்தளம் இராது. அவை தயவாகவே வழங்கப்படுங்காறும், ஒரு புரவலர் போயின் மற்றொருவர் வருவர்.