அடுப்புக்கும் ஒரு நாள் லீவு

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஓட்டல் சாப்பாடு ஆசையால் வருவதைவிட அலுப்பால் வருவதே அதிகம். வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு வீடு திரும்பினால் ஃப்ரிட்ஜில் மாவு தீர்ந்திருக்கும். பிள்ளை பசியோடு வீட்டுப்பாடத்தைப் பரப்பி வைத்திருக்கும். "இன்னிக்கு வெளியே போயிடலாமா?" என்ற கேள்வி பிறப்பது அந்த நேரத்தில்தான். மத்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இதன் பின்னணி விளங்கும். சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு போன்றவை இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் குடும்பம் தோசைக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. அரைப்பது, வதக்குவது, பாத்திரம் கழுவுவது என்று இரண்டு மணி நேர வேலையிலிருந்து விடுதலைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறது.

குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போவது தமிழ்நாட்டில் அவ்வளவு பழைய வழக்கம் அல்ல. காபி கிளப்புகளும் மெஸ்களும் நெடுங்காலம் ஆண்களின் இடங்களாகவே இருந்தன. பெண்களும் குழந்தைகளும் வந்தால் உட்கார வைக்க, திரையோ அரைக்கதவோ போட்ட 'ஃபேமிலி ரூம்' தனியாக இருக்கும். சென்னையில் 1962-ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இந்த ஒழுங்கைக் கொஞ்சம் தளர்த்தியது. காரில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிடலாம். பிள்ளைகள் மரத்தடியில் ஓடியாடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அது 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் ஓட இடமுள்ள ஓட்டல் நகரத்துக்குள் இன்றும் அரிது.

சின்னப் பிள்ளையோடு போகும்போது எந்த ஓட்டல் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம். சனி, ஞாயிறுகளில் எட்டு மணிக்கு மேல் போனால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் நாற்காலிக்குப் பின்னால் இடம்பிடிக்க நிற்கும் கூட்டத்தில் சேர வேண்டியதுதான். நாலு வயதுப் பிள்ளைக்குப் பசியும் தூக்கமும் ஒன்றாக வரும் நேரமும் அதுவே. ஆறரை மணிக்கே போய்விட்டால் இடம் கிடைக்கும்; சர்வருக்கும் பொறுமை இருக்கும்; "ஒரு நெய் ரோஸ்ட், சின்னவனுக்குக் காரமில்லாம சாம்பார்" என்றால் காதில் வாங்கிக்கொள்வார். உட்கார்ந்த உடனே பிள்ளைக்கு இட்லியோ தயிர் சாதமோ சொல்லிவிட்டு, பெரியவர்களுக்கு வேண்டியதைப் பிறகு யோசிப்பது அனுபவசாலிகளின் வழி. மெனு கார்டைப் புரட்டி எல்லோருக்கும் சேர்த்து ஆர்டர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அழுகையைத் தொடங்கியிருக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று மேஜை விளிம்பு. கொதிக்கும் சாம்பார்க் கிண்ணத்தையும் டபரா காபியையும் சர்வர் வழக்கமாக வைப்பது தனக்கு எட்டும் ஓரத்தில். பிள்ளையின் கை எட்டும் ஓரமும் பல நேரம் அதுதான். பிள்ளையைச் சுவர்ப் பக்கம் உட்கார வைத்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கும். நடைபாதையில் பிள்ளை குறுக்கே ஓடி, கையில் ஐந்து தட்டோடு வரும் சர்வர்மீது மோதுவதும் தவிரும்.

பார்சல் வாங்கினால் இந்தச் சிக்கல்கள் இல்லை. வேறு சிக்கல் உண்டு. தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமிகள் பெருகத் தொடங்கும். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாங்கிய பார்சல் ஒன்பது மணிக்குப் பிரிக்கப்படுமானால், மிளகாய்ப்பொடியோடு இட்லியைத் தின்றுவிட்டுச் சட்னியைக் கொட்டிவிடுவதே மேல்.

பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம். சில இடங்களில் இதோடு 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். அது அரசாங்கத்துக்குப் போகும் வரி அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த நெறிமுறை செல்லும் என்றது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் பில்லை யாரும் படிப்பதில்லை என்பதுதான் நிலவரம்.

குடும்பச் சுற்றுலாவுக்கு வந்தால், முதல் தடை பணமல்ல, நாள்காட்டி. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் ஆண்டு விடுப்பு 12 நாள். பிள்ளைக்குக் காய்ச்சல், உறவில் கல்யாணம், ஊரில் கோயில் கொடை என்று எதிர்பாராத தேவைகள் வந்தால் அதிலும் கைவைக்க வேண்டியிருக்கும். கணவனுக்கு லீவு கிடைக்கும் வாரத்தில் மனைவிக்குக் கிடைக்காது. இருவருக்கும் கிடைத்தால் பிள்ளைக்குப் பரீட்சை. மூவருக்கும் பொருந்தி வருவது மே மாதம், காலாண்டு, அரையாண்டு விடுமுறை ஆகியவை மட்டுமே. ஊரே கிளம்பும் நாட்களும் அவைதான். குற்றாலத்தின் சாரல் காலமோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும். பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பத்துக்குக் குற்றாலம் என்றால் சனி, ஞாயிறு என்ற இரண்டே நாள்தான்.

ரயில் டிக்கெட் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பொங்கல், தீபாவளி நாட்களுக்கு முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறந்தால் தெற்கே போகும் ரயில்களில் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. ஐந்து முடிந்து பன்னிரண்டு நிரம்பாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. பாதிக் கட்டணத்தில் ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போவது மிச்சம் என்று தோன்றும். இரவு முழுக்க ஒரே படுக்கையில் பிள்ளையோடு ஒருக்களித்துப் படுத்து, விடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கு அந்த மிச்சம் எதுவென்று தெரியும்.

அரசு ஊழியர்களுக்கும் பல தனியார் ஊழியர்களுக்கும் விடுமுறைப் பயணப்படி உண்டு. நான்கு காலண்டர் ஆண்டுகள் கொண்ட ஒரு தொகுதியில் இரண்டு பயணங்களுக்கு வருமான வரி விலக்கு கிடைக்கும். 2022 முதல் 2025 வரை ஒரு தொகுதி. 2026 முதல் 2029 வரை அடுத்தது. விலக்கு இந்தியாவுக்குள் போய்வரும் பயணக் கட்டணத்துக்கு மட்டுமே. அறை வாடகை, சாப்பாடு, சுற்றிப்பார்க்கப் பிடிக்கும் டாக்சி எதுவும் சேராது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. விவரம் தெரியாமல் விடுதி பில்லை எல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் உண்டு.

கோடையில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் மனம் போகுமிடம் ஊட்டி அல்லது கொடைக்கானல். நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கை வரம்பும் சேர்ந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போவோருக்கு இந்தப் பாஸ் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். சுமார் 46 கிலோமீட்டர் மலையேற அது ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது இன்பம். நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் மணி நேரத்திலேயே பொறுமை தீர்ந்துவிடும். குன்னூரிலிருந்து ஊட்டி வரையிலான பகுதி ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு அது போதும்.

மலைப்பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்குக் காரணம் சாப்பாடு மட்டுமல்ல. வண்டி வளைவதை உட்செவி உணர்கிறது. கண்ணோ அசையாத முன்சீட்டையோ செல்போன் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தகவலும் முரண்படும்போது மூளை தடுமாறிக் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது குறைவு. அதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அதிகம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புமுன் வயிறு முட்டப் பூரி மசால் சாப்பிட வைத்து, அழாமல் இருக்கப் போனைக் கையில் கொடுத்தால் பத்தாவது வளைவிலேயே பலன் தெரியும். இரண்டு இட்லி, திறந்த ஜன்னல், முன்னால் தெரியும் சாலையைப் பார்க்கும்படி ஓர் இருக்கை: இவற்றோடு, கை எட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையும் இருப்பது நல்லது.

வழிச் சாப்பாடுதான் வேலைக்குப் போகும் தாயின் விடுமுறையைத் தின்னும் முதல் ஆள். கட்டுச்சோறு என்றால் புளியோதரை, எலுமிச்சை சாதம், பொடி தடவிய இட்லி, தயிர் சாதம். வழியில் புளிக்காமல் இருக்கச் சோற்றைப் பாலில் குழைத்துக் கொஞ்சமே தயிர் சேர்ப்பார்கள். மதியத்துக்குள் அது தயிர் சாதமாகிவிடும். சுவைக்கும் சுகாதாரத்துக்கும் இதற்கு இணை இல்லை, உண்மைதான். ஆனால் ஆறு மணி ரயிலுக்கு இதைக் கட்டவேண்டுமானால் மூன்றரைக்கு எழ வேண்டும். முந்தைய நாள் அலுவலகத்தில் லீவுக்கு முன்பு முடிக்க வேண்டிய வேலையை முடித்துவிட்டு வந்து, பெட்டியும் அடுக்கியிருக்க வேண்டும். போகும்போது ஒரு வேளைக்கு மட்டும் கட்டிக்கொண்டு, மற்றதை ரயில்வேயின் இ-கேட்டரிங் வழியாகவோ ஓட்டலிலோ பார்த்துக்கொள்வது இன்றைக்கு ஏற்ற சமரசம். காரில் போகிறவர்கள் நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்துவது என்பதைக் காபியை வைத்து முடிவு செய்யாமல் கழிப்பறையை வைத்து முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

தங்குமிடத்தில் அடுப்படி இருந்தால் செலவு மிச்சம் என்று சிலர் காட்டேஜ் எடுக்கிறார்கள். கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அது உதவும். மூன்று வேளையும் அங்கேயே சமைப்பதென்றால், அந்தக் குடும்பத்தில் ஒருவர் சுற்றுலா போகவில்லை. சமையல்கட்டை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். செலவைக் குறைக்க வேண்டுமானால் நாளைக் குறைக்கலாம், பார்க்கும் இடங்களைக் குறைக்கலாம். மூன்று நாளில் ஒன்பது 'பாயிண்ட்' பார்க்கும் திட்டம் பிள்ளைக்கும் பிடிப்பதில்லை. தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் உருண்டது நினைவிருக்கும். மற்ற இடங்கள் போட்டோவில் இருக்கும்.

அலுவலகமும் கூடவே வந்துவிடுகிறது. விடுப்பில் இருக்கும் ஊழியர் போனை எடுக்காமல் இருக்கலாம் என்று சொல்லும் தேசியச் சட்டம் இந்தியாவில் இல்லை. பிரான்சில் பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017 முதல் சட்டத்தில் உண்டு. இங்கே செய்யக்கூடியது, காலையில் அரை மணி நேரம் மட்டும் பார்ப்பேன் என்று கிளம்புமுன்பே சொல்லிவிடுவது.

வீடு திரும்பும் நாளில் துவைக்க இரண்டு பை துணி, காலி ஃப்ரிட்ஜ், அரைக்க வேண்டிய மாவு, பிள்ளையின் பள்ளிச் சீருடை எல்லாம் காத்திருக்கும். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழும்பூரில் இறங்கி ஒன்பதரைக்கு அலுவலகம் போகிறவர், போனபோது இருந்ததைவிட அதிகக் களைப்போடுதான் நாற்காலியில் உட்காருவார். ரயில் முன்பதிவின் அறுபது நாள் கணக்கு பயணத் தேதியிலிருந்து எண்ணப்படுவதால், திரும்பி வரும் டிக்கெட்டுக்கு முன்பதிவு தனி நாளில் திறக்கும். போகும் டிக்கெட்டோடு அதையும் எடுத்துவிடலாம் என்று இருந்தால் ஏமாற வேண்டிவரும். அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்கும்போது, வேலைக்குப் போகுமுன் ஒரு முழு நாள் வீட்டில் இருக்கும்படி திரும்பும் தேதியை முதலில் குறியுங்கள். அந்த நாளின் துவையலையும் மாவையும் யார் பார்ப்பது என்பதையும் கிளம்புமுன்பே பேசி வைத்துவிடுங்கள்.