சரிவு மனையில் புல்வளர்ப்பும் மண்காப்பும்

குடகு, நீலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் வீடு கட்டக் கடன் கோரும் விண்ணப்பங்களுடன் பொறியாளரின் மதிப்பீட்டு அறிக்கையும் இணைக்கப்படுகிறது. சிமென்ட், கம்பி, செங்கல், தரை ஓடு, வண்ணப்பூச்சு ஆகிய அனைத்திற்கும் அதில் தொகை ஒதுக்கப்பட்டிருக்கும். வீட்டின் முன்னும் பின்னும் உள்ள மண்சரிவுக்கென ஒரு வரி இருப்பது அரிது. வீடு முடிந்தபின் புல் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர். அவ்வாறு வைத்த புல், முதல் பருவமழையிலேயே மண்ணோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது.

இத்தகைய சேதத்தைக் காப்பீடு ஈடுசெய்யும் என்று எண்ணியிருத்தல் ஆகாது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில் நிலச்சரிவும், வீடு நிற்கும் நிலம் தாழ்தலும் காப்புக்கு உட்பட்டவையே. எனினும், நிரப்பிய மண் அமிழ்வதாலோ நகர்வதாலோ ஏற்படும் சேதமும், வடிவமைப்புக் குறைபாட்டால் நேரும் சேதமும் விலக்குப் பட்டியலில் உள்ளன. மலைமனையில் மேற்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கத்தை நிரப்பியே சமதளம் உருவாக்கப்படுகிறது. புல்தரை அமைக்க நாம் விரும்பும் இடம் பெரும்பாலும் அந்த நிரப்பு மண்ணே. பாலிசிப் பத்திரத்தில் விலக்குகள் பகுதியைப் பொறுமையாகப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

மண்ணை அரிப்பது நீரின் வேகம். வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். கூரையின் வடிகுழாயைச் சரிவின் தலையில் திறந்துவிட்டால் இவ்வளவு நீரும் ஓரிடத்தில் பாயும். எந்தப் புல்லும் அதைத் தாங்காது. 200 சதுர மீட்டர் சரிவில் ஒரு சென்டிமீட்டர் மண் கரைந்தால் இழப்பு இரண்டு கன மீட்டர், எடையில் இரண்டரை டன் அளவு. வளமான மேல்மண்ணே முதலில் போவதால், அடுத்த ஆண்டு அங்கே புல் வைப்பது மேலும் கடினமாகும்.

ஆகவே, புல்லுக்கு முன் வாய்க்கால். சரிவின் உச்சிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் நீரையும் கூரைநீரையும் அதில் திருப்ப வேண்டும். 100 அடிக்கு ஓர் அடி வாட்டம் போதுமானது. கூடினால் வாய்க்காலே அரிபடும். நீர் வெளியேறும் முனையில் கருங்கல் பதிப்பது இன்றியமையாதது. அம்முனை அண்டை வீட்டாரின் மனைக்குள் திறக்கலாகாது. அவ்வாறு திறந்து வழக்குமன்றம் வரை சென்றவர்களும் உண்டு.

அடுத்து, சரிவை அளக்க வேண்டும். கொத்தனாரிடம் உள்ள நீர்மட்டக் குழாயே இதற்குப் போதும். மூன்று அடி கிடைத்தூரத்திற்கு ஓர் அடிக்கு மேல் உயராத சரிவில் சாதாரணப் புல்தரை அமைக்கலாம். அதன்மீது நடக்கவும் புல் வெட்டவும் இயலும். இரண்டு அடிக்கு ஓர் அடி என்ற அளவை நெருங்கினால் தென்னைநார் வலை தேவை. அதனினும் செங்குத்தானால் படிவரிசையோ தாங்குசுவரோ அமைக்க வேண்டும். அதனைப் பொறியாளரே முடிவு செய்தல் வேண்டும். புல் காப்பது மேல்மண்ணை மட்டுமே. 2018 ஆகஸ்டில் குடகிலும், 2024 ஜூலையில் வயநாட்டிலும் நிகழ்ந்தவை போன்ற பெரும் நிலச்சரிவுகளை எப்புல்லும் தடுக்காது.

வெட்டி மழமழப்பான சரிவின்மேல் செம்மண்ணைக் கொட்டிப் பரப்புவது பலரும் செய்யும் தவறு. மழை இறங்கியதும் இரு அடுக்குகளுக்கும் நடுவே நீர் புகுந்து மேலடுக்கு முழுதும் வழுகிவிடும். சரிவுக்குக் குறுக்காக மண்வெட்டியால் ஆழமற்ற கீறல்கள் இட்டு, அதன்மேல் மக்கிய எரு கலந்த மண்ணை மெல்லிய அடுக்காக இட்டு அழுத்துவதே முறை.

புல்லைத் தெரிவு செய்கையில் அழகைப் பின்னுக்குத் தள்ளுக. நர்சரிகளில் விரும்பி விற்கப்படும் கொரியன் புல் மெல்லப் படர்வது. அது மூடுவதற்குள் மழை முந்திக்கொள்ளும். நல்ல வெயில் விழும் சரிவுக்கு அருகம்புல்லே சிறந்தது. மண்ணுக்கு மேலும் கீழும் தண்டோடி, கணுதோறும் அது வேர்விடுகிறது. உதகை போன்ற குளிர்ந்த உயரங்களில் கிக்குயூ புல் விரைந்து மூடும். ஆனால் வேலி தாண்டிப் பரவி இயற்கைப் புல்வெளிகளை நெருக்கிவிடுவதால், காட்டை ஒட்டிய மனைகளில் அதனைத் தவிர்க்கலாம்.

வேர்க்கரணைகளைச் சாண் இடைவெளிக்குள், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் கரணை வருமாறு நட வேண்டும். மண்ணோடு பெயர்த்த புல்பாளங்களாயின், செங்கல் கட்டுவதுபோல இணைப்புகள் ஒரே நேரில் வாராதபடி குறுக்காகப் பதித்து மூங்கில் முளை அறைய வேண்டும். தென்னைநார் வலையை உச்சியில் ஓரடிக் குழியில் புதைத்து, மேலிருந்து கீழாக விரிக்க வேண்டும். இழுத்துக் கட்டலாகாது, மண்ணோடு ஒட்டிப் படிந்திருத்தல் வேண்டும். சில ஆண்டுகளில் அது மக்கிவிடும். அதற்குள் வேர்கள் அதன் பணியை ஏற்றுக்கொள்ளும்.

இடையிடையே, ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு ஒரு வரிசையாக, சம உயரக் கோட்டில் வெட்டிவேரை நெருக்கி நடுவது மிக நன்று. தமிழ்ப்பெயராலேயே உலகம் அறிந்த இப்புல்லின் வேர் மூன்று மீட்டர் வரை நேராக இறங்கும். அருகைப்போல் படர்ந்து தொல்லை தராது. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை உழவர்கள் இதனை நெடுங்காலமாக வயல் எல்லையாக நட்டுவந்தனர். 1980-களில் உலக வங்கியின் ஜான் கிரீன்ஃபீல்டு, ரிச்சர்டு கிரிம்ஷா ஆகிய வல்லுநர்கள் மண்காப்புக்காக இதனை இந்தியாவில் பரவலாக முன்னிறுத்தினர். அடர்நிழலில் இது தேறாது. வேருக்கு நல்ல விலை உண்டென்று தோண்டி விற்றால் சரிவு அன்றே பழைய நிலைக்குத் திரும்பும்.

நடவுக்காலம் ஊருக்கு ஊர் வேறுபடும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மடிக்கேரி, கூடலூர்ப் பகுதிகளில் ஏப்ரல் தொடக்கத்திலேயே நட்டு, பூவாளியால் நீர் தெளித்து, ஜூனுக்குள் வேரூன்றச் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் ஜூன், ஜூலை மாதங்கள் ஏற்றவை. வீட்டுவேலை அக்டோபரில்தான் முடியும் எனில், நடவை அடுத்த பருவத்திற்குத் தள்ளிவைத்து, அதுவரை சரிவை வைக்கோலும் வலையும் கொண்டு மூடிவைப்பதே விவேகம்.

கடன் ஒப்புதலுக்குப் பின் புதிய செலவினங்களைச் சேர்ப்பது எளிதன்று. எனவே வாய்க்கால், வலை, நடவு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே மதிப்பீட்டு அறிக்கையில் எழுதித் தருமாறு பொறியாளரிடம் கேட்டுப் பெறுக. தாங்குசுவரின் செலவோடு ஒப்பிட்டால் இத்தொகை சிறிதே.

நட்டபின் முதல் பருவமழை முடியும்வரை ஆடுமாடுகள் ஏறாதவாறு வேலி வேண்டும். மெல்ல இழுத்தால் புல் வாராது உறுதியாக நின்றபின்னரே முதல் வெட்டு. அப்போதும் மூன்று விரற்கடை உயரமேனும் விடவேண்டும். ஒவ்வொரு கனமழைக்குப் பின்னும் குடையுடன் சரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்து, விரல் அகல ஓடை கண்டவிடத்து அன்றே மண்ணிட்டு ஒரு கரணை ஊன்றிவிடுக.