மீட்பு என்னும் சொல்லும் இறைவனின் உண்மையும்

கிறித்தவ சமயத்தின் தலைமையான கொள்கையைக் குறிக்கத் தமிழில் இரண்டு சொற்கள் பெருவழக்காய் உள்ளன. ஒன்று இரட்சிப்பு, மற்றொன்று மீட்பு. பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றி 1894-இல் வெளிவந்த பெருங்காப்பியம் இரட்சணிய யாத்திரிகம் எனவே பெயர் பெற்றது. 1995-இல் வெளியான திருவிவிலியமோ, பழைய மொழிபெயர்ப்பு இரட்சகர் என்று வழங்கிய இடங்களில் மீட்பர் என்னும் சொல்லைப் பெய்துள்ளது. வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை அமைத்த அளவே இம்மாற்றம் என்று கொள்ளுதல் சாலாது. இரு சொற்களும் வேர்ப்பொருளால் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை நோக்குவார்க்கு, மீட்பு என்பது இறைவனின் உண்மையினின்று பிரிக்கவொண்ணாதது என்பது புலனாகும்.

இரட்சித்தல் என்பது காத்தல். ஆற்றில் அமிழ்வானை முன்பின் அறியாத ஒருவனும் காக்கலாம். அதற்கு முன்னுறவு வேண்டுவதில்லை. மீட்டலோ மீள் என்னும் வினையடியாகத் தோன்றித் திரும்பச் செய்தலைக் குறிப்பது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கிறோம். ஆநிரை மீட்டலைத் தொல்காப்பியர் வெட்சித்திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. அவ்வாறு மீட்கும் போரில் வீழ்ந்தார்க்கு நடுகல் நாட்டுதல் பண்டைத் தமிழர் மரபு. இவ்வழக்குகள் அனைத்திலும் மூன்று கூறுகள் அமைந்துள்ளன: பொருள் முன்னரே உரியதாய் இருந்தமை, அது கைவிட்டுப் போனமை, அதனைத் திரும்பப் பெறுதற்குப் பொருளாலோ உயிராலோ விலை கொடுக்க நேர்ந்தமை.

இனி, மூலமொழியாகிய எபிரேயத்தை நோக்குவோம். அங்கு மீட்பவனைக் குறிக்கும் சொல் கோயேல் என்பது. அது முதற்கண் சமயச்சொல் அன்று. குடும்ப வழக்குக்குரிய சொல். வறுமையால் ஒருவன் நிலத்தை விற்பின் அதனை மீட்பதும், தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டானை விடுவிப்பதும் நெருங்கிய உறவினன் கடமை என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் விதிக்கின்றது. கொலையுண்டான் பொருட்டுப் பழிவாங்குவோனும் அப்பெயரே பெறுகின்றான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ரூத்தின் வரலாற்றில் இச்சொல்லைச் சுதந்தரவாளி என்றும், யோபு நூலிலும் ஏசாயா நூலிலும் மீட்பர் என்றும் பெயர்த்தது. இடம் நோக்கிப் பெயர்த்தமை பொருத்தமே. எனினும், இறைவனுக்கு வழங்கும் பெயரும் வயற்புறத்து உறவினனுக்கு வழங்கும் பெயரும் ஒன்றே என்னும் செய்தி தமிழ் படிப்பார்க்கு மறைந்துவிட்டது.

ரூத்தின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. நகோமி குடும்பத்து நிலத்தை மீட்கும் முதல் உரிமை போவாசுக்கு இல்லை. அவனினும் நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தான். நிலத்தை மீட்க முதலில் இசைந்த அவன், மோவாபியப் பெண்ணாகிய ரூத்தையும் மணத்தல் வேண்டும் என்று கேட்டதும், தன் சொத்துக்குக் கேடு வரும் என அஞ்சிப் பின்வாங்கினான். நூல் அவன் பெயரையும் கூறவில்லை. அடுத்த நிலையில் நின்ற போவாசே மீட்டான். உரிமை மட்டும் மீட்பாகாது என்பது இதனால் விளங்கும். உரிமையைக் கடமையாக ஏற்று, இழப்பு நேரினும் பின்வாங்காது நிற்கும் உறுதி ஒன்று வேண்டும். அவ்வுறுதியே ஈண்டு உண்மை எனப்படுவது.

அவ்வுறுதியை எபிரேயர் எமூனா என்றனர். அமலேக்கியரோடு நிகழ்ந்த போரில், பிறர் தாங்க, மாலைவரை தளராது நின்ற மோசேயின் கைகளைக் குறிக்கவும் யாத்திராகமம் இச்சொல்லையே ஆள்கின்றது. வழிபாட்டில் வழங்கும் ஆமென் என்பதும் இவ்வேரிற் பிறந்ததே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதற்கு உண்மை என்னும் சொல்லைத் தேர்ந்தனர். உள்ளதன் தன்மை உண்மை. நேற்று உள்ளவாறே இன்றும் உளனாதல் என்று விரித்தால், எபிரேயச் சொல்லின் உட்பொருளை அது நன்கு தாங்குகின்றது. எகிப்தில் இஸ்ரவேலர் முறையிட்டபோது, முன்னோரோடு செய்த உடன்படிக்கையை இறைவன் நினைவுகூர்ந்தான் என்று முதலிற் சொல்லி, மீட்பேன் என்னும் வாக்கைப் பின்னரே யாத்திராகமம் வைக்கின்றது. உண்மை முன்னது, மீட்பு அதன் செயல்வடிவம்.

தீர்க்கன் ஓசேயாவின் வாழ்வு இதனினும் கூர்மையானது. பிறனை நாடிச் சென்ற பெண்ணைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவன் பெற்றான். அவள் முன்னரே அவன் மனைவி என்பது உரைகாரர் பலர் கொள்கை. ஆங்குக் கோயேல் என்னும் சொல் இல்லை, பொருள் உண்டு. தனக்கே உரியதை விலை கொடுத்துப் பெறுதல் வணிக நோக்கில் பேதைமை; அன்பின் நோக்கில் அதுவே உண்மை.

புதிய ஏற்பாட்டில் மாற்கு, கிறித்துவின் உயிரை லூத்ரோன், அஃதாவது மீட்கும்பொருள், என்று குறிக்கின்றார். அவ்விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்னும் வினா பண்டே எழுந்தது. அலகைக்கு என்றார் ஓரிசன். நாசியான்சு கிரெகொரி அதனை மறுத்தார். உவமையின் ஓர் உறுப்பை மட்டும் பிரித்தெடுத்து நீட்டியதால் விளைந்த இடர் இது. உறவினன் மீட்கும் வழக்கை அடியாகக் கொள்ளின், விலை பெற்றவன் யார் என்பதினும் விலை கொடுத்தவன் யார் என்பதே தலைமை பெறும்.

இவ்வேறுபாடு கிறித்தவனின் அன்றாட வாழ்வைத் தொடுவது. மீட்பு முன்னரே கிடைத்தது என்று எபேசியருக்கு எழுதிய திருமுகம் கூறும். உடலின் மீட்புக்கு இன்னும் காத்திருக்கிறோம் என்று உரோமருக்கு எழுதிய திருமுகம் கூறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே வாழ்நாள். அவ்விடைக்காலத்தில் நோயும் பிரிவும் தன் தவறும் வந்துறும்போது, தன் பற்றுறுதியின் அளவை நோக்கி நம்பிக்கை கொள்வான் தளர்வான். மனிதர் உண்மையின்மை இறைவனின் உண்மையை அவமாக்காது என்னும் பவுலின் கருத்தைப் பற்றினவன் தளரான். மக்களையும் உடைமையையும் இழந்து, நண்பராலும் பழிக்கப்பட்ட யோபு தன் மீட்பரைக் குறித்து உறுதியோடு பேசியது இவ்வடிப்படையிலேயே.

ஆயின், இவ்வுறுதி சோம்பலுக்கு இடமன்று. எகிப்தினின்று கொண்டுவரப்பட்டோர் இறைவனின் ஊழியர். ஆதலின் அவர் விற்கப்படலாகாது என்று அதே லேவியராகம அதிகாரம் வரம்பிடுகின்றது. மீட்கப்பட்டவன் பிறரைப் பிணித்து வைத்தல் தன் மீட்பையே மறுத்தலாகும். இறைவனின் உண்மையைப் பெற்றவன் பிறர்க்கு உண்மையுடையவனாதல் வேண்டும். காத்தல் என்னும் பொருளோடு நின்றுவிடாது, உரிமை, உறவு, இழப்பு, விலை ஆகிய அனைத்தையும் மீட்பு என்னும் தமிழ்ச்சொல் ஒருங்கே சுமக்கின்றது.