ஒரு சொட்டு மருந்தும் மாதக் கடைசியும்

(இறுதியாண்டு, இயந்திரவியல்)

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் எத்தனை டேங்க் கணக்குப் போட்டிருப்போம்! ஒரு பக்கம் தண்ணீர் வருகிறது, மறு பக்கம் போகிறது. போகிற குழாயில் அடைப்பு வந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். நம் கண்ணும் அப்படி ஒரு டேங்க்தான். கண்ணின் முன்பகுதிக்குள் நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோ லிட்டர் நீர் சுரந்துகொண்டே இருக்கிறது (கண்ணீர் வேறு, இது வேறு). ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து அது இரத்தத்தில் சேர்கிறது.

சல்லடை சரியாக வடிக்காவிட்டால் அழுத்தம் கூடும். சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அது ஏறும்போது பின்னால் உள்ள பார்வை நரம்பு நசுங்குகிறது. அந்த நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள். செத்த இழை திரும்ப முளைக்காது. இதற்குப் பெயர்தான் க்ளாக்கோமா, தமிழில் கண் நீர் அழுத்த நோய். திடீரென்று தாக்கும் ஒரு வகையைத் தவிர மற்றதில் பெரும்பாலும் வலி கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும், நடுப்பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கும். அதனால் ஆளுக்கே தெரியாது.

வைத்தியம் பெரும்பாலும் சொட்டு மருந்து, அதுவும் ஆயுள் முழுக்க. இங்கேதான் சிக்கல். மருந்து போட்டால் பார்வை கூடாது, இருப்பது போகாமல் நிற்கும், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் குணம் தெரியும். இதில் போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. கையில் காசு குறைந்தால் வீட்டில் முதலில் எதை வெட்டுவோம், சொல்லுங்கள்?

என் பெரியப்பா டெய்லர். தீபாவளிக்கு முன்னால் ராத்திரி பகல் பாராமல் வேலை ஓடும். பொங்கல் முடிந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற மே மாதம் வரை மிஷின் சும்மா கிடக்கும். அவருக்கு இரண்டு கண்ணிலும் இந்த நோய். இரவில் ஆளுக்கொரு சொட்டாக இரண்டு கண்ணிலும் போடச் சொல்லி லேட்டனோப்ரோஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பாட்டிலைப் பார்த்து நான் ஒரு கணக்குப் போட்டேன். அளவு 2.5 மில்லி. ஒரு சொட்டு 30 மைக்ரோ லிட்டர் என்றால் 83 சொட்டு வரும். மாதத் தேவை 60, தாராளமாகப் போதும். ஆனால் சொட்டின் அளவு பாட்டில் மூக்கையும் அழுத்துகிற கையையும் பொறுத்தது. 45 மைக்ரோ லிட்டராக விழுந்தால் 55 சொட்டுதான், 27 நாளில் காலி. கை நடுங்கிக் கன்னத்தில் விழுவது தனிச் செலவு. கண்ணோ ஒரு நேரத்தில் 30 மைக்ரோ லிட்டர் தாங்கினால் பெரிது, மீதி வழிந்துவிடும். ஆக மருந்து தீர்வது 25-ம் தேதி, காசு வருவது ஒன்றாம் தேதி. நடுவில் உள்ள நாட்களில் அழுத்தம் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

பெரியப்பா கண்டுபிடித்த வழி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாட்டில் இரண்டு மாதம் வந்தது. அதிலும் ஒரு வம்பு. திறந்த பாட்டிலை நாலு முதல் ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வாரத்தில் மட்டும் தவறாமல் போடுவார். நாம் இன்டர்னல் டெஸ்டுக்கு முந்தின ராத்திரி படிப்பதில்லையா, அந்த மாதிரி. டாக்டர் அளந்தால் 16. ஆனால் பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கருவியில் ஓரம் இன்னும் சுருங்கியிருந்தது. டாக்டர் என்ன நினைப்பார்? இந்த மருந்து பத்தவில்லை என்றுதானே! இரண்டாவது பாட்டில் ஒன்று சேர்ந்தது. செலவு கட்டாமல் மருந்தைக் குறைத்தார், குறைத்ததால் நோய் கூடியது, கூடியதால் செலவு இரட்டிப்பானது. இப்படி ஒரு சுழலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

உடைத்தது பெரியம்மாதான். "சார், இவரு தினமும் போடுறதில்ல. காசு இருக்கிறப்பதான் போடுறாரு" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. டாக்டர் திட்டவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டாவது மருந்தே எழுதியிருக்க மாட்டேனே" என்றார். இரண்டாவதை நிறுத்தினார், முதல் மருந்தைக் கம்பெனி பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே எழுதித் தந்தார். அதற்குள் போன ஓரப்பார்வை போனதுதான். இடது பக்கம் ஆள் வந்து நிற்பது இப்போதும் அவருக்குத் தெரிவதில்லை. ஊசியில் நூல் மட்டும் கோத்துவிடுகிறார்.

நம்மில் பலர் வீட்டிலும் தாத்தா, பாட்டி இந்த மருந்து போடுகிறவர்களாக இருக்கலாம். மருந்து வாங்கப் போவது பெரும்பாலும் நாம்தான். ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், மக்கள் மருந்தகம் மாதிரி இடங்களில் குறைவாகக் கிடைக்கும். டிமோலால் என்ற பழைய மருந்து இன்னும் மலிவு, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகையால் விலையைப் பார்த்து நாமாக மாற்றக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவும், மாதாமாதம் வாங்கும் சொட்டுக்குப் பெரும்பாலும் உதவாது. போடும்போது ஒரு சொட்டு போதும், கண்ணை மூடி மூக்கோர முனையை ஒரு நிமிடம் விரலால் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு ஓடாமல் கண்ணிலேயே தங்கும்.

லேசர் என்றும் ஒரு வழி உண்டு. வடிகால் சல்லடைக்கு லேசர் கொடுத்து நீர் நன்றாக வடியச் செய்வது. பிரிட்டனில் நடந்த லைட் ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 74 பேர் மூன்று ஆண்டு கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே சமாளித்தார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, சில வருடத்தில் பலன் குறையவும் செய்யும். இருந்தாலும் மாதாமாதம் பாட்டில் வாங்க முடியாதவர் டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. பெரியப்பாவுக்கு அடுத்த செக்கப் வரும்போது நான் கூடப் போகிறேன், கேட்பதாக இருக்கிறேன்.